காத்திருக்காத மஃரிபு

ஐவேளைத் தொழுகையில் அந்தித் தொழுகையான மஃரிபுக்குத்தான் அவகாசம் குறைவு. மற்ற வேளைகளில் பாங்கு சொன்ன பிறகு ஜமாஅத் தொடங்கக் கொஞ்ச நேரம் கிடைக்கும். மஃரிபில் மோதினார் பாங்கை முடித்த சில நிமிடங்களிலேயே, தொழுகை தொடங்குவதை அறிவிக்கும் இகாமத்தைச் சொல்லிவிடுவார். சூரியன் முழுதாக மறைந்ததும் தொடங்கும் வேளை, மேற்கே செவ்வானம் மறைவதோடு முடிகிறது. அதன்பின் தெரியும் வெண்மையும் மறையும்வரை நேரம் உண்டு என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் கருத்து.

சென்னையில் நவம்பரில் மாலை 5.40 வாக்கில் வரும் மஃரிபு, ஜூலையில் 6.40-ஐ நெருங்குகிறது. கடைத்தெருவில் வியாபாரம் சூடுபிடிக்கும் நேரமும் அதுதான். கல்லாவில் இருப்பவர் பையனிடம் கடையை ஒப்படைத்துவிட்டு ஓடிவருகிறார். தண்ணீர்த் தொட்டியான ஹவுளின் ஓரத்தில் குந்தி, வாய் கொப்பளித்து, மூக்கு, முகம், முழங்கை வரை கைகள் கழுவி, ஈரக்கையால் தலை தடவி, கால்களைக் கழுவி, மடித்த சட்டைக் கையை இறக்கியபடியே சஃப்பில், அதாவது தொழுகை வரிசையில், போய் நிற்கிறார். வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு தொழச் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். வேலைக்கு நடுவே எழுந்து வரச் சொன்னதில்தான் இந்தத் தொழுகையின் கனமே இருக்கிறது என்பேன்.

கட்டாயத் தொழுகையான பர்ளு 3 ரக்அத், அதாவது 3 சுற்று. முதல் இரண்டில் இமாம் அல்ஹம்து சூராவையும், பெரும்பாலும் ஒரு சிறிய சூராவையும் உரக்க ஓதுவார். மூன்றாவதில் குரல் எழாது. ஸலாம் கொடுத்த பின் 2 ரக்அத் சுன்னத்து. இஸ்லாமிய நாள்காட்டியில் புதுத் தேதி பிறப்பதும் இந்த வேளையில்தான். வியாழன் மாலை மஃரிபு ஆகிவிட்டால் அது வெள்ளி இரவு. ரமலானில் பேரீச்சம்பழமும் நோன்புக்கஞ்சியும் வாயில் பட்ட கையோடு தொழுகைக்கு எழுவார்கள்.

தமிழ்நாட்டில் பல பள்ளிவாசல்களின் வாசலில் இந்நேரம் கைக்குழந்தையோடு தாய்மார்கள் நிற்பார்கள். நெற்றியில் பொட்டு வைத்தவர்களும் அவர்களில் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல், அல்லது ராத்திரியில் வீறிட்டு அழுகை. தொழுதுவிட்டு வருபவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, மெல்ல ஓதி, பிள்ளையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். யார், எந்த ஊர் என்ற கேள்வியே கிடையாது. மேடை போட்டு நல்லிணக்கம் பேசுவதைவிட இதை நான் உயர்வாக மதிக்கிறேன்.

பயணத்தில் 4 ரக்அத் தொழுகைகள் 2 ஆகச் சுருங்கும். மஃரிபு அப்போதும் 3தான். ஷாஃபி மத்ஹபில் பயணிகள் அதை இஷாவோடு சேர்த்துத் தொழலாம். இத்தனை அவசரப்படுத்தும் மஃரிபு ஹாஜிகளுக்காக ஓர் இரவு காத்திருக்கிறது. அரஃபாவில் சூரியன் மறைந்தாலும் அங்கே தொழாமல் புறப்பட்டு, முஸ்தலிஃபா போய்ச் சேர்ந்த பிறகே மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுகிறார்கள்.