பரிமாறும் வரிசையும் பதின்வயதும்

பதின்வயதுப் பிள்ளைகளின் உணவுப் பழக்கம் என்றதும் பெரியோர் பலரும் பிள்ளைகளின் நாக்கின் மீதே பழி போடுகின்றனர். சுவைக்கு அடிமையாகிவிட்டனர், விளம்பரத்தில் மயங்கிவிட்டனர் என்கின்றனர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் ஒரு பிள்ளையின் தட்டில் என்ன விழுகிறது என்பதை நாக்கைவிட வீட்டின் வழக்கமே பெரிதும் தீர்மானிக்கிறது என்பது நம் எண்ணம். யார் முதலில் உண்பது, மாலையில் வீட்டில் யார் இருப்பது, கையில் எவ்வளவு காசு புழங்குவது ஆகியவற்றைக் கவனித்தால் இது விளங்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட அளவின்படி, 13 முதல் 15 வயது வரையுள்ள சிறுமிக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. அவ்வயதுச் சிறுவனுக்கு 22 மில்லிகிராம் போதும். வளர்ந்த ஆணுக்கு 19. தந்தையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் மகளுக்கு வேண்டும். ஆனால் நம் நாட்டின் பல வீடுகளில் ஆண்கள் உண்டு எழுந்த பின்னரே பெண்கள் தட்டெடுக்கின்றனர். பருப்பின் கெட்டிப் பகுதியும் கீரையும் முட்டையும் அதற்குள் தீர்ந்துவிடும். எஞ்சுவது சோறோ ரொட்டியோ, நீர்த்துப்போன குழம்போதான். யாரும் வேண்டுமென்றே வஞ்சிப்பதில்லை. தாய் அப்படித்தான் உண்டாள்; மகளும் அவளருகே அமர்ந்து அதையே பழகிக்கொள்கிறாள். மாதவிடாய் தொடங்கி உடல் இரும்பை இழக்கும் பருவமும் அதுவே.

இதன் விளைவைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது; அவ்வயது ஆண்களில் 31 விழுக்காட்டினருக்கு. முந்தைய ஆய்வில் பெண்களின் விகிதம் 54 ஆக இருந்தது. வருமானம் பெருகிவந்த ஆண்டுகளில் இந்த எண் ஏறியிருக்கிறது என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

மாலை நேரத்தின் கதை வேறு. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் நகரத்து வீட்டில், பள்ளி முடிந்து வரும் பிள்ளையை வரவேற்பது பூட்டிய கதவுதான். பாட்டி இருந்த வீட்டில் வறுத்த கடலையோ அவலோ காத்திருக்கும். பீகாரில் சத்துமாவு, வங்காளத்தில் பொரி, மராட்டியத்தில் போஹா என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். இன்று அவ்விடத்தை 5 ரூபாய், 10 ரூபாய்ப் பொட்டலங்கள் பிடித்துக்கொண்டன. 2022-23ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில், நகர்ப்புறக் குடும்பச் செலவில் 10.64 விழுக்காடு பானங்களுக்கும் பதப்படுத்திய உணவுக்கும் சிற்றுண்டிக்கும் சென்றது. தானியங்களுக்குச் சென்றது 3.64 விழுக்காடே. வெளியில் வாங்கும் சாப்பாடும் இதில் சேரும் என்றாலும் போக்கு தெளிவாகத் தெரிகிறது.

வகுப்பறைக்கும் இதில் பங்குண்டு. கம்பு ரொட்டியும் வெல்லமும் கொண்டுவரும் மாணவன் டப்பாவின் மூடியை முழுதும் திறக்கக் கூசுகிறான். நூடுல்ஸ் கொண்டுவருபவனைச் சுற்றி நண்பர் கூட்டம். பிள்ளைக்குப் பொட்டலம் பசிக்கு மட்டும் அன்று, கூட்டத்தில் சேர்வதற்கும் வேண்டியிருக்கிறது. அறிவுரை எடுபடாமற்போவது இதனால்தான்.

வறிய வீட்டுப் பிள்ளைகளுக்கு மற்றோர் இடர் உண்டு. பிரதமர் போஷன் திட்டத்தின் மதிய உணவு 8ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உயர்தொடக்க வகுப்பு மாணவருக்கு அத்திட்டம் அளிப்பது 700 கலோரியும் 20 கிராம் புரதமும். உடல் மிக விரைந்து வளரும் 14 வயதில், 9ஆம் வகுப்பில் காலடி வைத்தவுடன் அந்த ஒரு வேளை கைநழுவுகிறது. தமிழ்நாடும் கர்நாடகமும் 10ஆம் வகுப்பு வரை உணவு வழங்குகின்றன. ஏனைய மாநிலங்களும் இதைப் பின்பற்றுவது நன்று. 2016-18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயதினரில் 24 விழுக்காட்டினர் மெலிந்தவர். 5 விழுக்காட்டினர் மிகை எடையினர். இரண்டும் ஒரே நாட்டில், சில வேளைகளில் ஒரே தெருவில்.

வங்கித் துறையினராகிய நாம் காணக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டும். கைச்செலவுக் காசு இப்போது யூபிஐ வழியாகச் செல்கிறது. பெற்றோர் தம் கணக்கு விவரத்தை எடுத்துப் பார்த்தால், மாலை நான்கரைக்கும் ஆறுக்கும் இடையே 20, 30 ரூபாயாகச் சென்ற வரிகள் பிள்ளை என்ன உண்கிறது என்பதற்கு நல்ல சான்றாகும். கண்டிப்பதற்காக அன்றி, பிள்ளையோடு சேர்ந்தமர்ந்து கூட்டிப் பார்க்கலாம். 10 வயது நிறைந்தோர் தாமே சேமிப்புக் கணக்கை இயக்கலாம் என 2025இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுமதியளித்துள்ளது. மாதத் தொகையைப் பிள்ளை பொறுப்பில் விட்டு, அதிலிருந்து கடலை, முட்டை, பருவத்துப் பழம் வாங்கும் வேலையையும் ஒப்படைக்கும் வீடுகளில் மாலைப் பொட்டலங்கள் குறைய வாய்ப்புண்டு.

செலவே இல்லாத மாற்றங்களும் உள. மகளையும் முதற்பந்தியிலேயே அமர்த்தலாம். பருப்பையும் கீரையையும் முன்னதாகவே ஆளுக்கு இவ்வளவு எனப் பிரித்து வைக்கலாம். பள்ளியில் வாரந்தோறும் வழங்கும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை மகள் உண்கிறாளா எனக் கேட்கலாம். உணவோடு தேநீர் அருந்தினால் இரும்பு உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமேனும் இடைவெளி விட வேண்டும். கீரையின் மேல் எலுமிச்சை பிழிந்தால் அது கூடும்.