ஆண் எலிக்கே அதிகம் கல் உண்டாவது ஏன்?

2008 செப்டம்பர் 19ஆம் தேதி, சீனாவிலிருந்து வரும் பால், பால்பொருள்களின் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் சிங்கப்பூர் தடை விதித்தது. தேக்காவின் சிறிய கடை முதல் பெரிய பேரங்காடி வரை எல்லாருக்கும் அந்தத் தடை பொருந்தியது. ‘ஒயிட் ரேபிட்’ பால் மிட்டாயிலும் மெலமின் இருப்பதை இங்கு நடந்த சோதனைகள் காட்டின. சீனாவில் ஏறத்தாழ 300,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். ஆறு பேர் உயிரிழந்தனர். பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் கற்கள் உண்டாகியிருந்தன.

பாலில் மெலமின் எதற்கு?

உணவங்காடித் தட்டுகள் செய்யப் பயன்படும் கெட்டியான பிளாஸ்டிக்கின் மூலப்பொருள் மெலமின். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். பாலில் எவ்வளவு புரதம் உள்ளது என்பதை நைட்ரஜனை அளந்தே வழக்கமாகக் கணக்கிடுவர். தண்ணீர் கலந்த பாலில் மெலமின் தூளைச் சேர்த்தால், புரதம் நிறைய இருப்பதுபோல் சோதனை காட்டிவிடும். இதுதான் மோசடி.

மெலமின் கல்லை உண்டாக்கும் என்பது புதிய செய்தி அன்று. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 1983இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், எலிகளுக்கு மெலமின் கலந்த உணவு கொடுக்கப்பட்டது. ஆண் எலிகளின் சிறுநீர்ப்பையில் கற்கள் தோன்றின. இரண்டாண்டுச் சோதனையில், அதிக அளவு மெலமின் உண்ட 49 ஆண் எலிகளில் எட்டுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் வந்தது. அந்த எட்டில் ஏழுக்குக் கல் இருந்தது. பெண் எலிகளின் உணவில் இரு மடங்கு மெலமின் கலந்தும் அப்படிப் புற்றுநோய் வரவில்லை.

என்ன வேறுபாடு?

காரணம் ஒன்றல்ல. முதலாவது, உடலமைப்பு. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியேறும் குழாய் ஆண் எலிக்கு நீளமானது, குறுகலானது. சிறு படிகங்கள் எளிதில் வெளியேறாமல் தங்கினால், அவற்றின்மேல் மேலும் படிந்து கல் வளரும்.

இரண்டாவது, ஹார்மோன். இதை வேறொரு வகைக் கல்லைக் கொண்டு ஆராய்ந்தார்கள். கார் என்ஜின் குளிர்விப்பு நீரில் சேர்க்கப்படும் எத்திலீன் கிளைக்கால் எலியின் உடலில் ஆக்சலேட்டாக மாறும். அது கால்சியத்துடன் சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகும். இங்கும் ஆண் எலிகளே அதிகம் பாதிக்கப்பட்டன. விரைகளை அகற்றியபோது பாதிப்பு குறைந்தது. டெஸ்டோஸ்டிரோன் செலுத்தியதும் கூடியது. ஆண் ஹார்மோன் ஆக்சலேட் அளவை உயர்த்துகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. மனிதர்களிலும் சிறுநீரகக் கல் பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம் வருகிறது.

எந்த எலியை நம்புவது?

2008 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடினர். நாள்தோறும் எவ்வளவு மெலமின் உடலுக்குள் போனால் ஆபத்தில்லை என்பதை முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஆண் எலிகளின் கணக்கைத்தான். பத்தில் ஓர் எலிக்குக் கல் வரக்கூடிய அளவைக் கவனமாக மதிப்பிட்டனர்: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 35 மில்லிகிராம். எலியும் மனிதனும் ஒன்றல்ல. குழந்தைகள் இன்னும் மென்மையானவர்கள். எனவே அந்த எண்ணை 200ஆல் வகுத்தனர். வந்த விடை 0.175, அதை 0.2 என்று முழுமையாக்கினர். 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவருக்கு இது நாளொன்றுக்கு 10 மில்லிகிராம்.

பெண் எலிகளை மட்டும் சோதித்திருந்தால், மெலமின் அவ்வளவு ஆபத்தில்லை என்று தோன்றியிருக்கும், வரம்பும் தளர்ந்திருக்கும். வேறொரு வேதிப்பொருளில் நிலைமை தலைகீழாகவும் இருக்கலாம். அதனால்தான் இரு பாலினத்தையும் சோதித்து, எது எளிதில் பாதிக்கப்படுகிறதோ அதை வைத்தே வரம்பு வகுக்கிறார்கள். அந்த வரம்பு வலியவரை மட்டுமல்ல, பச்சிளங்குழந்தையையும் காக்க வேண்டும்.