நட்சத்திர மலையில் ஒரு குட்டிப் பூச்சி

குட்டி நண்பர்களே, ஒரு அரிசி மணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதைவிடக் கொஞ்சம் சிறிய ஒரு பூச்சி இருக்கிறது. அதற்குச் சிறகு இருந்தும் பறக்க வராது. ஆனால், விண்வெளிக்கு ராக்கெட் அனுப்பும் நாசா நிறுவனமே ஒருமுறை, "உனக்கு நாங்கள் புதிதாக இடம் தயார் செய்து தருகிறோம்" என்று இந்தப் பூச்சிக்காகத் திட்டம் எழுத வேண்டி வந்தது. அந்தக் கதையைப் பார்ப்போமா?

பசிபிக் பெருங்கடலின் நடுவே இருக்கும் ஹவாய்த் தீவில் மவுனா கியா என்று ஒரு எரிமலை உண்டு. பயப்படாதீர்கள், அது வெடித்து நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது! உயரம் 4,205 மீட்டர். மேகங்கள் பெரும்பாலும் அதன் இடுப்பளவில்தான் மிதக்கும். உச்சியில் காற்று மெலிந்து, ஈரமில்லாமல், அசையாமல் இருக்கும். இரவு வானம் கன்னங்கரேலென்று இருக்கும். நட்சத்திரங்களை ஆராய இதைவிட நல்ல இடம் உலகத்தில் மிகக் குறைவு. அதனால்தான் 1968-ல் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக 13 தொலைநோக்கிகள் அங்கே வந்துவிட்டன. மேலே போகிறவர்கள் பாதி மலையில் அரை மணி நேரமாவது தங்கி, உடம்பைப் பழக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். இல்லாவிட்டால் தலை சுற்றும், மூச்சு வாங்கும்.

மரமோ செடியோ கண்ணுக்குத் தெரியாத அந்த உச்சியில் யார் வாழ முடியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1979-80 வாக்கில்தான் பூச்சி ஆராய்ச்சியாளர்கள் அங்கே ஒரு குட்டிப் பூச்சியைக் கண்டார்கள். அதன் பெயர் வேக்கியு. ஹவாய் மொழியில் 'உச்சி' என்று அர்த்தம். உலகத்தில் மவுனா கியா உச்சியைத் தவிர வேறு எங்குமே அது கிடையாது!

இந்த வேக்கியு இருக்கிறதே, பலே கில்லாடி! அதன் சொந்தக்காரப் பூச்சிகள் எல்லாம் விதைகளில் சாறு உறிஞ்சிப் பிழைப்பவை. உச்சியில் விதைக்கு எங்கே போவது? கீழே காடுகளில் பறக்கும் பூச்சிகளைக் காற்று அடித்துக்கொண்டு மேலே வருகிறது. அவை குளிரில் விறைத்து விழுகின்றன. வேக்கியு அவற்றைத் தேடிப் போய்ச் சாறு உறிஞ்சுகிறது. அதாவது, காற்று வீடு தேடி வந்து சாப்பாடு கொடுத்துவிட்டுப் போகிறது! கடும் குளிரிலும் உறைந்து போகாதபடி அதன் உடலுக்குள் ஒரு ஏற்பாடும் இருக்கிறது. குடியிருப்பு எங்கே தெரியுமா? எரிமலை துப்பிய ஓட்டைக் கற்கள் உச்சியில் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. அந்தக் கற்களுக்கு நடுவே உள்ள இடுக்குகள்தான் வீடு.

இப்போது சிக்கல் புரிகிறதா? தொலைநோக்கி கட்ட வேண்டுமானால் கல் மேட்டைச் சமப்படுத்த வேண்டும். லாரி ஓடினால் கல் நொறுங்கும். தூசி பறந்து இடுக்குகளை அடைக்கும். நம் கண்ணுக்கு அங்கே ஒன்றும் மாறியிருக்காது, கல் கல்லாகத்தான் கிடக்கும். வேக்கியுவுக்கோ வீட்டுக் கதவைச் சிமென்ட் பூசி மூடியது போல.

அங்கே பத்து மீட்டர் அகலக் கண்ணாடியுடன் 'கெக்' என்ற இரட்டைத் தொலைநோக்கிகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி ஆறு சிறிய தொலைநோக்கிகள் வரை அமைக்க நாசா விரும்பியது. 2002-ல் சுருக்கமாக ஒரு ஆய்வு செய்து, பெரிய பாதிப்பு இல்லை என்றது. ஹவாய் பூர்வகுடி மக்களின் நலனுக்கான அரசு அலுவலகம் வழக்குப் போட்டது. 2003-ல் நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? புதிதாக வரப்போகும் ஆறை மட்டும் பார்த்தால் போதாது, ஏற்கெனவே நிற்பவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்றது.

இதை நன்றாகக் கவனியுங்கள். சாப்பாட்டுக் கூடையில் இருந்து ஒரே ஒரு முறுக்கை எடுத்தால் அம்மாவுக்குத் தெரியாது. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் "நான் ஒன்றுதானே எடுத்தேன்" என்றால் கூடை காலி! மலையும் அப்படித்தான்.

நாசா மறுபடியும் உட்கார்ந்து முழு சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை தயாரித்தது. 2005-ல் வெளியான அந்த அறிக்கை, முப்பது வருடக் கட்டுமானங்கள் எல்லாம் சேர்ந்து மலைக்குக் கணிசமான பாதிப்பு ஏற்படுத்தியிருப்பதை ஒப்புக்கொண்டது. வேக்கியு இழக்கும் இடத்தைப் போல மூன்று மடங்கு இடத்தைச் சீர்படுத்தித் தருவது என்றும் திட்டம் போட்டது. ஆனால் 2006-ல் பணம் ஒதுக்கப்படவில்லை. ஆறு தொலைநோக்கிகளும் வரவே இல்லை.

சரி, அரிசி மணி அளவு பூச்சியை எப்படி எண்ணுவார்கள்? கற்களுக்கு நடுவே கிண்ணத்தைப் புதைத்து, உள்ளே இறால் விழுதைத் தடவி வைப்பார்கள். வாசனைக்கு வரும் வேக்கியு தவறி உள்ளே விழும். எண்ணிவிட்டு வெளியே விட்டுவிடுவார்கள். 1982-ல் சிக்கியதை விட 1997-98-ல் 99 சதவீதத்துக்கும் மேல் குறைவாகச் சிக்கின. பூச்சி அழிகிறதோ என்று எல்லோரும் பதறினார்கள். ஆனால் 1982-ல் வைத்தது விழுந்த பூச்சி செத்துப்போகும் பொறி. பின்னால் வைத்தது உயிரோடு பிடிக்கும் பொறி. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? பிறகு தேடியபோது வேறு பல கல் மேடுகளிலும் வேக்கியு கிடைத்தது. அழிவு அபாயப் பட்டியலில் சேர்க்கலாமா என்று 1999 முதல் யோசித்து வந்த அமெரிக்க அரசு, 2011-ல் தேவையில்லை என்று முடிவு செய்தது. எண்ணுவது சுலபமான வேலை இல்லை!

அடுத்து வந்தது ராட்சதத் திட்டம். 492 கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்து 30 மீட்டர் அகலத்தில் ஒரே கண்ணாடி! கட்டடமோ 18 மாடி உயரம். இதில் நம் இந்தியாவும் பங்காளி. 2009-ல் வரைவு அறிக்கையை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். வந்த கருத்துகளுக்குப் பதில் எழுதி, 2010-ல் இறுதி அறிக்கை வந்தது. வேக்கியு விரும்பும் கல் மேடுகளை விட்டு விலகி, உச்சிக்குக் கொஞ்சம் கீழே இடம் தேர்ந்தெடுத்தார்கள். கழிவுநீரை ஒரு சொட்டுகூட மலையில் விடாமல் லாரியில் கீழே கொண்டுபோக வேண்டும். எறும்பு போன்ற வெளியூர்ப் பூச்சிகள் வண்டியில் ஒட்டிக்கொண்டு வராதபடி கழுவி, சோதித்துத்தான் மேலே அனுப்ப வேண்டும். இப்படிப் பல நிபந்தனைகள்.

பூச்சிக்கு வழி கண்டாயிற்று. ஆனால் பூர்வகுடி மக்களுக்கு அந்த மலை, முன்னோர் போன்றது. பனி தேவதை பொலியாஹு வாழும் இடம். உச்சிக்கு அருகே வையாவு என்ற சிறு ஏரி உண்டு. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை அங்கே கொண்டுபோய் வைக்கும் வழக்கம் சில குடும்பங்களில் இருக்கிறது. அந்த இடத்தில் 18 மாடிக் கட்டடம் எழுந்தால் ஏற்படும் மனவேதனையை எந்தக் கிண்ணத்தை வைத்து எண்ணுவது? அறிக்கையில் அவர்களுடைய கருத்துகளும் பதிவாகின. ஆனால் பதிவு செய்வதும் சம்மதம் பெறுவதும் ஒன்றாகிவிடுமா, என்ன?

எதிர்த்தவர்களின் வாதத்தைக் கேட்டு முடிக்கும் முன்பே அனுமதி கொடுத்தது தவறு என்று 2015-ல் ஹவாய் உச்ச நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. மறுபடி விசாரணை நடத்தி 2017-ல் கொடுத்த அனுமதியை 2018-ல் அதே நீதிமன்றம் ஏற்றது. 2019 ஜூலையில் வேலை தொடங்க வண்டிகள் கிளம்பியபோது, ஆயிரக்கணக்கான மக்கள் மலைப்பாதையில் கூடிவிட்டார்கள். வழியில் உட்கார்ந்த தாத்தா, பாட்டிகள் பலர் கைதானார்கள். வேலை நின்றது. 2022-ல் மலையைப் பார்த்துக்கொள்ள, பூர்வகுடி மக்களுக்கும் இடமுள்ள புதிய அமைப்பு சட்டப்படி உருவானது. 2025-ல் ஸ்பெயின் நாடு, எங்கள் லா பால்மா தீவுக்கு வாருங்கள், 40 கோடி யூரோ தருகிறோம் என்று அழைத்தது. அந்த மலை மவுனா கியாவை விட மிகவும் தாழ்வானது. அதனால் அப்போதும் விஞ்ஞானிகளுக்கு ஆசையெல்லாம் மவுனா கியா மேல்தான் இருந்தது.

இதற்கிடையே மலையில் இன்னொரு வேலையும் நடந்தது. பழைய தொலைநோக்கிகள் இரண்டை 2024-ல் கழற்றி இறக்கிவிட்டார்கள். அதில் ஒன்று, பத்து மீட்டருக்கும் அகலமான தட்டுடன் 2015 வரை வேலை செய்தது. கழற்றுவதற்கும் தனியாகச் சுற்றுச்சூழல் ஆய்வு நடந்தது! அஸ்திவாரம் இருந்த பள்ளத்தை நிரப்பி, தரையைப் பழையபடி கல் மேடாக்கினார்கள். அங்கே பூச்சிகள் திரும்பி வருகின்றனவா என்று சில வருடங்கள் கண்காணிப்பதும் திட்டத்தில் உண்டு.