கடலை நோக்கி ஓடுவோர்

கெல்லிவில், சிட்னி:

"ஓடுதல்" என்ற சொல் எம்மவரிடையே விளையாட்டுச் சொல்லாக வழங்கி நெடுங்காலமாயிற்று. குண்டு விழுந்தபோது ஓடினோம். சுற்றிவளைப்பு என்றதும் ஓடினோம். ஈற்றில் நாட்டை விட்டே ஓடினோம். ஆகவே, யாரும் துரத்தாத வேளையில், பணம் கட்டி, மார்பில் இலக்கம் குத்திக்கொண்டு, குளிர்காலத்து விடியலில் ஓடுவதற்கென்றே கூடும் பல்லாயிரம் மக்களைக் கண்டு புதிதாக வந்த அகதி ஒருவர் சிரிப்பாராயின் அது இயல்பே. இந்நாட்டுக்கு வந்த புதிதில் நானும் சிரித்தேன். 2025 ஓகஸ்ட் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவனாக நின்றேன்.

சிட்னி நகரின் நடுவேயுள்ள ஹைட் பூங்காவில் தொடங்கிப் பொண்டைக் கடற்கரையில் முடியும் 'சிற்றி ரு சேர்ஃப்' ஓட்டத்தின் தூரம் 14 கிலோமீற்றர். சன் ஃபிரான்சிஸ்கோ நகரின் 'பே ரு பிறேக்கர்ஸ்' ஓட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1971இல், பத்திரிகை ஒன்றின் முயற்சியால் இது ஆரம்பிக்கப்பட்டது. முதலாண்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே ஓடினர். பிற்காலத்தில் அத்தொகை எண்பதாயிரத்தையும் தாண்டியது. 1991இல் ஸ்டீவ் மொனகெற்றி 40 நிமிடம் 3 செக்கனில் ஓடி நிலைநாட்டிய சாதனை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நின்றது.

என்னை இதற்கு இழுத்து வந்தவர் ஓர் இளைஞர். 2012இல் படகில் வந்தவர். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. இன்றும் தற்காலிக இணைப்பு விசாவிலேயே வாழ்கிறார். வேலை செய்யும் உரிமை இருந்த காலமும் உண்டு, இல்லாத காலமும் உண்டு. வேலையற்றிருந்த காலத்தில், அறைக்குள் இருந்தால் யோசனை தின்றுவிடும் என்று அஞ்சி, மாலையில் தெருவில் இறங்கி ஓடத் தொடங்கினாராம். பல்கலைக்கழகத்தில் கற்பித்தவன் என்பதால் என்னைச் "சேர்" என்றே அழைப்பார். என் நீரிழிவு பற்றி அறிந்ததும், "சேர், குளிசை மட்டும் காணாது, என்னோடை வாங்கோ" என்றார். கெல்லிவில் தெருக்களில் எங்கள் பயிற்சி அப்படித்தான் ஆரம்பமாயிற்று.

மாரடைப்பு மேட்டில்

ஒரு காலத்தில் பழத்தோட்டங்களாக இருந்து, இன்று இரட்டை மாடி வீடுகளால் நிறைந்துவிட்ட புறநகர் கெல்லிவில். 2019இல் இங்கு மெற்றோ நிலையம் திறக்கப்பட்டது. 2024 ஓகஸ்டில் பாதை நகரின் ஊடாக நீண்டது. இப்போது ஒரே வண்டியில் ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் மார்ட்டின் பிளேஸில் இறங்கலாம். அன்று அதிகாலை அந்த வண்டி முழுவதும் காற்சட்டையும் இலக்கமும் அணிந்தோராலேயே நிறைந்திருந்தது.

பாதை வில்லியம் வீதியால் இறங்கி, கிங்ஸ் குறொஸ் சுரங்கத்தைக் கடந்து, டபிள் பே, றோஸ் பே எனத் துறைமுகக் கரையை ஒட்டிச் செல்கிறது. ஆறாவது கிலோமீற்றருக்குப் பின் வருவது, 'உள்ளம் உடைக்கும் மேடு' என்று பொருள்படும் பெயர்பெற்ற ஏற்றம். நீளம் ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர். எம்மவர் சிலர் இதைப் பகிடியாக 'மாரடைப்பு மேடு' என்பர். நான் அதில் ஓடவில்லை, நடந்தேன். என்னைப் போல் ஆயிரக்கணக்கானோர் நடந்தனர். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளியபடி ஒரு தாய் என்னை முந்திச் சென்றாள்.

மேட்டின் உச்சியில் மூச்சு வாங்கி நின்றபோது என் மனம் வேறொரு பாதைக்குச் சென்றது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி மழையில் நடந்தனர். நானும் நடந்தேன், அப்போது நான் பாடசாலை மாணவன். கொக்குவிலிலிருந்து சாவகச்சேரி வரையான தூரம் ஓர் அரை மரதனைவிடச் சற்றே குறைவு. நாவற்குழிப் பாலத்தில் நெரிசல் காரணமாக ஓர் அடி வைக்கவும் நெடுநேரம் காத்திருந்தோம். அன்று தண்ணீர் தருவதற்குத் தெருவோரம் எவரும் நிற்கவில்லை. இன்று முன்பின் அறியாத வெள்ளைக்காரச் சிறுமி ஒருத்தி காகிதக் குவளையை நீட்டினாள். அதை வாங்கும்போது என் கை நடுங்கியதற்குக் களைப்பு மட்டுமே காரணமென்று சொல்வதற்கில்லை.

உருளைக்கிழங்குக் கமக்காரன்

இந்நாட்டில் நெடுந்தூர ஓட்டத்தைப் பற்றிப் பேசுவோர் கிளிஃப் யங் என்பவரை நினைவுகூராதிருப்பதில்லை. விக்ரோறியா மாநிலத்தின் பீச் ஃபொறஸ்ற் என்ற ஊரில் உருளைக்கிழங்கு பயிரிட்ட கமக்காரர் அவர். 1983இல், தமது 61ஆம் வயதில், சிட்னியின் பரமற்றாவிலிருந்து மெல்பேணுக்கு நடந்த 875 கிலோமீற்றர் ஓட்டத்தில் பங்குபற்றினார். தேர்ந்த வீரர்கள் இரவில் உறங்க, அவர் குறைந்த உறக்கத்துடன் காலை இழுத்திழுத்து ஓடிக்கொண்டேயிருந்தார். 5 நாள், 15 மணி, 4 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். பரிசாகக் கிடைத்த 10,000 டொலரை உடன் ஓடியவர்களுக்குப் பகிர்ந்தளித்தார். அவர் புறப்பட்ட பரமற்றாவுக்கு அடுத்த மேஸ் ஹில்லில்தான் இன்று எமது முருகன் கோயில் இருக்கிறது.

அவருடைய கதையோடு சேர்த்து எம்மவர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய மற்றொரு கதையும் உண்டு. 2012இல் படகில் வந்து, மனைவியோடும் மூன்று பெண் பிள்ளைகளோடும் விக்ரோறியாவின் பலரற் நகரில் வாழ்ந்த நீல் பாரா என்ற தமிழர் பல ஆண்டுகள் வேலை செய்யும் உரிமையின்றி இருந்தார். 2023 ஓகஸ்ட் முதலாம் திகதி பலரற்றிலிருந்து சிட்னி நோக்கி நடக்கத் தொடங்கினார். ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட அந்நடையின் இலக்கு, மறிக்வில்லிலுள்ள பிரதமரின் தொகுதி அலுவலகம். செப்டெம்பரில் நடை முடிவுற்ற வேளையில் அக்குடும்பத்துக்கு நிரந்தர விசா வழங்கப்படும் என்ற செய்தி கிடைத்தது. அவருக்குக் கிடைத்த விடுதலையைக் கொண்டாடிய நாம், அதே நிலையில் இன்னும் காத்திருப்போரை மறத்தலாகாது. ஒவ்வொருவரும் ஆயிரம் கிலோமீற்றர் நடந்துதான் நீதி பெறவேண்டும் என்பது ஒரு நாட்டின் ஒழுங்காக இருக்கமுடியாது.

ஓட விரும்புவோருக்கு

14 கிலோமீற்றரை முடித்தவர் அடுத்து அரை மரதனை நினைப்பது வழமை. அதன் தூரம் 21.0975 கிலோமீற்றர், 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டு, 1921இல் நிலையாக்கப்பட்ட 42.195 கிலோமீற்றரின் சரிபாதி. குயின்ஸ்லாந்தின் கோல்ட் கோஸ்ற் நகரில், 1979இல் ஆரம்பிக்கப்பட்டு ஆண்டுதோறும் ஜூலையில் நடைபெறும் மரதன் விழாவில் அரை மரதனும் உண்டு. கடலோரமாகச் செல்லும் சமதரைப் பாதையாதலால் புதியவர்க்கு ஏற்றது.

தெற்காசிய மக்களிடம் நீரிழிவும் இருதய நோயும் ஏனையோரைவிட இளவயதிலேயே தோன்றுகின்றன. பகலில் தொழிற்சாலை, இரவில் வாடகைக்கார், இடையில் ஆறிய சோறு என்று கழியும் வாழ்வில் அவை விரைந்து முற்றுகின்றன. நாற்பதைக் கடந்தோர் முதலில் வைத்தியரைக் காணவேண்டும். இன்சுலின் முதலிய மருந்து எடுப்போர், ஓட்டத்தின்போது சீனி திடீரெனக் குறையக்கூடும் என்பதை அறிந்து, இனிப்பு ஏதேனும் சட்டைப்பையில் வைத்திருப்பது நன்று. தொடக்கத்தில் இரண்டு நிமிட ஓட்டமும் இரண்டு நிமிட நடையும் போதும். பேசிக்கொண்டே ஓட முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று கொள்க. வாரம் மூன்று நாள், மூன்று நான்கு மாதம் பழகினால் அரை மரதன் எட்டாத இலக்கன்று. தாகத்துக்கு மிஞ்சித் தண்ணீர் குடிப்பதும் ஆபத்தே; இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்துவிடும். நல்ல சப்பாத்து ஒன்றுக்கு மட்டும் கணக்குப் பார்க்கவேண்டாம்.

எமக்கு இது அந்நிய வழக்கமும் அன்று. நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1956இல் இதே நாட்டில், மெல்பேண் ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தவர். 1958இல் தோக்கியோவில் ஆசியத் தங்கம் வென்றவர். 2016 றியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக அகதிகள் அணி ஒன்று பங்குபற்றியபோது, எதியோப்பியாவில் பிறந்த யோனாஸ் கிண்டே அவ்வணிக்காக மரதன் ஓடினார்.

முடியும் இடம்

கடைசி வளைவில் கடல் தெரிந்தது. எனக்கு முன்னரே ஓடி முடித்த இளைஞர், பதக்கத்தைக் கழுத்தில் அணிந்தபடி மணலருகே காத்திருந்தார். ஏன் ஓடுகிறாய் என்று அவரிடம் முன்பு பலமுறை கேட்டும் நேரான பதில் வரவில்லை. அன்று தானாகவே சொன்னார்:

"சேர், என்ரை கேசுக்கு முடிவு எங்கை எண்டு எனக்கும் தெரியாது, லோயருக்கும் தெரியாது. இதுக்கு முடியிற இடம் எங்கை எண்டு தெரியும். வருசத்திலை ஒரு நாளாவது ஒண்டை முடிச்சுப் பாக்கவேணும் போலை கிடக்கு."

"தம்பி, வாற ஜூலை கோல்ட் கோஸ்ற்றுக்கு நானும் வாறன்" என்றேன். அவர் சிரித்தார். ஜூலைக்கு முன் தன் விசா புதுப்பிக்கப்படவேண்டும் என்றார்.

இருவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கடலில் கால் நனைத்தோம். தண்ணீர் மிகவும் குளிராக இருந்தது. பின்னர் வீடு திரும்ப பஸ் வரிசையில் போய் நின்றோம்.