போனைக் கணினி ஏன் கண்டுகொள்வதில்லை?

சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கணினித் திரையில் போனைக் காணவில்லை. ஏன்? யுஎஸ்பி 2.0 கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு கம்பிகள், தகவலுக்கு இரண்டு. மலிவான சில கேபிள்களில் பின்னவை இருப்பதே இல்லை.

கேபிள் நல்லதென்றால் சந்தேகம் டிரைவர் மென்பொருள்மேல் விழும். செருகியதும் போன் தன் தயாரிப்பாளர் எண்ணையும் மாடல் எண்ணையும் சொல்லும். விண்டோஸ் அதற்கேற்ற டிரைவரைத் தேடும். தவறான டிரைவர் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தால் பேச்சு அங்கேயே முறியும்.

இதைக் கண்டுபிடிக்க லைவ் லினக்ஸைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியாது. உபுண்டு லினக்ஸைப் பென்டிரைவில் எழுதி (அதிலிருந்த கோப்புகள் அழிந்துவிடும், கவனம்!) அதிலிருந்தே கணினியை பூட் செய்யுங்கள், நிறுவ வேண்டாம். செய்யும் மாற்றங்கள் ரேமில் மட்டுமே நிற்பதால் விண்டோஸுக்கு ஆபத்தில்லை. டெர்மினலில் ‘எல்எஸ்யுஎஸ்பி’ (lsusb) கட்டளை கொடுங்கள், இணைந்திருக்கும் யுஎஸ்பி சாதனங்களின் பட்டியல் வரும். பட்டியலில் போன் வந்தால் கேபிள், போர்ட், போன் மூன்றும் நலம், கோளாறு பெரும்பாலும் விண்டோஸில்தான். போனின் பூட்டைத் திறந்து ‘கோப்புப் பரிமாற்றம்’ தேர்ந்தெடுத்தால் படங்களை அங்கிருந்தே வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடலாம், பெரும்பாலும் தனி டிரைவர் தேவைப்படாது. பட்டியலில் வரவில்லையா? முதலில் கேபிளை மாற்றுங்கள், அடுத்து போர்ட்டை. பிறகு போனின் சார்ஜிங் துளையில் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.