கேமராவுக்குள் கரும்புள்ளி: எப்படி வருகிறது, எப்படிப் போகிறது?

தேங்காய்ச் சட்னி அரைத்து மூடியைத் திறந்தால், வெள்ளையில் ஒரு சாம்பல் கோடு. மிக்ஸி ஜாரில் பிளேடைத் தாங்கும் புஷ் தேய்ந்தால் இப்படி ஆகும். தண்டு சுழலச் சுழல, அடியிலிருக்கும் கறுப்பு எண்ணெய் கசிந்து மேலே ஏறிவிடும். ஜாரைத் தேய்த்துக் கழுவினால் அன்றைக்குச் சரி. அடுத்த முறை அரைக்கும்போது மறுபடி வரும். நிக்கான் டி600 கேமராவில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

எது கசிகிறது?

2012 செப்டம்பரில் வெளிவந்த டி600, 24.3 மெகாபிக்சல் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமரா. அதன் சென்சாருக்கு நேர் முன்னால் இருப்பது ஷட்டர்: மெல்லிய தகடுகளாலான இரண்டு திரைகள். பட்டனை அழுத்தியதும் ஒன்று விலகி வெளிச்சத்தை விடும். மற்றொன்று பின்னாலேயே வந்து மூடும். நொடியில் 4,000இல் ஒரு பங்கு நேரத்துக்குக்கூட இது வேலை செய்யும். இங்கே தண்டின் இடத்தில் ஷட்டர், சட்னியின் இடத்தில் சென்சார்.

லென்ஸை மாற்றும்போது தூசி நுழைவது எந்த எஸ்எல்ஆர் கேமராவிலும் உண்டு. டி600இல் லென்ஸைக் கழற்றாமலே படமெடுத்தவர்களுக்கும் புள்ளிகள் பெருகின. படத்தின் இடது மேல் மூலையில்தான் அவை அதிகம். அப்படியென்றால் அழுக்கு வெளியிலிருந்து வரவில்லை; ஷட்டரிலிருந்தே வந்தது.

ஏன் சில படங்களில் மட்டும்?

சாம்பல் கோடு தேங்காய்ச் சட்னியில் பளிச்சென்று தெரியும். புதினாச் சட்னியில் தெரியாது. அதுபோல நீலவானத்தில் தெரியும் புள்ளி, இலை அடர்ந்த மரத்தில் மறைந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. துகள் சென்சாரின் மேல் நேரடியாக ஒட்டுவதில்லை. அதற்கு முன்னுள்ள ஃபில்டர் கண்ணாடியில் உட்காருகிறது. லென்ஸின் துளை அகலமாக இருந்தால் பல கோணத்தில் ஒளி வந்து துகளின் நிழலைக் கரைத்துவிடும். எஃப்/16, எஃப்/22 என்று சுருக்கினால் நிழல் கூர்மையாக விழும்.

துடைப்பதும் மாற்றுவதும்

2013 பிப்ரவரியில் நிறுவனம் தந்த அறிவுரை, ஜாரைக் கழுவச் சொல்வது போன்றது: ஊதுகுழலால் சுத்தம் செய்யுங்கள், போகாவிட்டால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவாருங்கள். துடைத்த கேமராவிலும் புள்ளிகள் திரும்பின. அதே ஆண்டு அக்டோபரில் புதிய ஷட்டருடன் டி610 வந்தது. டி600 வாங்கியவர்கள் 2014 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதுதான், உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் கேமராவைச் சோதித்து, துடைத்து, ஷட்டரையும் தொடர்புடைய பாகங்களையும் இலவசமாக மாற்றித் தருவதாக நிக்கான் அறிவித்தது. அடுத்த மாதம் சீன அரசுத் தொலைக்காட்சி நுகர்வோர் தின நிகழ்ச்சியில் இதை அம்பலப்படுத்த, டி600 விற்பனையை நிறுத்தும்படி ஷாங்காய் அதிகாரிகள் உத்தரவிட்டார்கள்.

புஷ்ஷை மாற்றினால்தான் ஜார் சரியாகும்; ஷட்டரை மாற்றியதுதான் உண்மையான ரிப்பேர். கேனான் 5டி கேமராவில் உள்கண்ணாடி கழன்று விழுந்தபோதும், அந்நிறுவனம் அதைத் தாங்கும் அமைப்பை வலுப்படுத்தி இலவசமாகத் தந்தது.

வாங்குமுன் பாருங்கள்

பழைய டி600 ஒன்று கைக்கு வந்தால் எஃப்/16இல் வெறும் வானத்தைப் படமெடுத்து, முழு அளவுக்குப் பெரிதாக்கி இடது மேல் மூலையைப் பாருங்கள். ஷட்டர் மாற்றிய சர்வீஸ் ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். "க்ளீன் பண்ணியாச்சு" என்ற பதில் போதாது.

நாள்பட்ட உழைப்பில் தேய்ந்த பாகத்துக்கு நாம் காசு கொடுப்பது நியாயம். வடிவமைப்பிலேயே உள்ள குறை அப்படியல்ல. அது விற்ற நாளிலேயே பெட்டிக்குள் இருந்தது. அதைச் சரிசெய்யும் செலவு, உத்தரவாதம் முடிந்த பிறகும் தயாரித்தவருடையதுதான்.