புத்தகத்தை மூடிவிட்டுப் படிக்கலாமா?

காரைக்காலில் அரசுப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறீர்களா? பாடத்திட்டம் மாறியது தெரிந்திருக்கும். தமிழ்நாட்டுப் பாடம் படித்துவந்த 6 முதல் 9 வரையிலான வகுப்புகளும் 11-ஆம் வகுப்பும் 2023-24-இல் சி.பி.எஸ்.இ.க்குப் போயின. 2025-இல் நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அதன் பொதுத்தேர்வை முதன்முறையாக எழுதினார்கள்.

அதனால் என்ன? கேள்வித்தாள் வேறு மாதிரி இருக்கும். 10-ஆம் வகுப்பில் ஏறத்தாழ பாதி, திறன்சார் வினாக்கள் (படித்ததைப் புதிய சூழலில் பயன்படுத்தச் சொல்பவை). ‘கழிமுகம் என்றால் என்ன?’ என்றால் ஒப்பித்துவிடலாம். ‘அரசலாறு கடலில் சேரும் ஊரில், மழை பொய்த்தால் கிணற்றுநீர் ஏன் உப்புக் கரிக்கிறது?’ என்று கேட்டால் யோசித்தாக வேண்டும்.

அப்படியானால் மனப்பாடமே வேண்டாமா? வேண்டும். தலையில் எதுவும் இல்லாமல் எதை வைத்து யோசிப்பது? சிக்கல், திரும்பத் திரும்ப வாசிப்பதில்தான். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு குழு ஒரே பகுதியை நான்கு சுற்றும் வாசித்தது. இன்னொன்று ஒரு சுற்று வாசித்தது. மற்ற மூன்று சுற்றும், பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்து வாசித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து? வாசித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61.

இரவு சரளமாக ஒப்பித்த பிள்ளை அடுத்த வாரம் விழிப்பது சோம்பலால் அல்ல என்று இப்போது புரிகிறதா?

வகுப்பில் எப்படிச் செய்வது? முதல் ஐந்து நிமிடம் மூன்று கேள்விகள்: நேற்றைய பாடத்தில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. கை தூக்குகிற நாலு பேர் மட்டுமல்ல, எல்லோரும் எழுத வேண்டும். மதிப்பெண் கூடாது, போட்டால் பக்கத்து நோட்டைப் பார்ப்பார்கள்.

இதில் தலைமையாசிரியருக்கு என்ன வேலை? நியூசிலாந்தின் விவியன் ராபின்சன் குழு 2008-இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தலைமையாசிரியர் செய்யும் வேலைகளில் பிள்ளைகளின் படிப்புக்கு அதிகம் உதவியது, ஆசிரியர்கள் கற்றுக்கொள்ளும்போது தானும் கூட உட்கார்ந்து கற்பது. சுற்றறிக்கையில் கையெழுத்து வாங்கினால் இது நடக்காது. வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார வேண்டும்.

‘எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, வீட்டில் நான் என்ன செய்ய?’ தெரிய வேண்டாம். ‘படிச்சியா?’ என்று கேட்பதை விடுங்கள். புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ‘இன்னைக்கு என்ன நடத்தினாங்க, தமிழிலேயே சொல்லு’ என்று கேளுங்கள். திணறினால் திணறட்டும், உடனே எடுத்துக்கொடுக்காதீர்கள். சொல்லி முடித்ததும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இதை விட்டால் தப்பே மனதில் தங்கிவிடும். இரண்டு நாள் கழித்து அதையே மறுபடி கேளுங்கள். பெற்றோர் கூட்டத்தில் ரேங்க் கேட்பதோடு, ‘போன மாதப் பாடத்தை மறுபடி எப்போது கேட்பீர்கள்?’ என்றும் கேட்டு வையுங்கள்.